சுவருக்கு வெளியே ஒரு குழி

ஒவ்வோர் அடக்கத்திலும் சாவைக் குறிக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டிக் காட்டாவிட்டால் பங்குச்சாமியார் இன்னாசிமுத்துவுக்குத் திருப்தி இராது. குழி வெட்டும் சந்தியாகு பத்து வருஷமாக அத்தனையையும் கேட்டவர்.

அன்று, பிரசவத்தில் இறந்த சந்தியாகுவின் மகளையே கொண்டுவந்திருந்தார்கள். குழந்தையும் உயிரோடு பிறக்கவில்லை.

"அது ஞானஸ்நானம் பெறாதது. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே தனியாகக் குழி வெட்டு" என்றார் சாமியார்.

சந்தியாகு மண்வெட்டியை ஊன்றி நின்றார். "ஆகட்டும் சாமி. இன்னைக்கு வார்த்தை விளக்கம் ஒண்ணும் இல்லீங்களா? இந்த இடத்துக்கு இங்கிலீசுல என்ன பேரு?"

ஊரே கூடியிருந்தது. சாமியாரால் சும்மா இருக்க முடியவில்லை. "செமிட்டரி. லத்தீன் வழியாக வந்தது, மூலம் கிரேக்கம். உறங்கும் இடம் என்று பொருள். இங்கே கிடப்பவர்கள் செத்தவர்கள் அல்ல, உறங்குகிறவர்கள்."

"பச்சப்புள்ளைய வெளியே போட்டுட்டு எந்தத் தாய் சாமி உறங்குவா?"

கூட்டத்தில் ஒரு பெண் விம்மினாள். சாமியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதை மூடினார். "சேர்த்தே வை" என்றார் மெல்ல.

குழந்தையை மகளின் கை மடிப்பில் கிடத்திவிட்டுச் சந்தியாகு குழியிலிருந்து மேலே ஏறினார். ஜெயித்த கையோடு மண்வெட்டியை எடுத்தார். மூட வேண்டியதும் அவர்தான்.