அட்டையை ஒளித்த மான்

சதுப்புக்காட்டில் நங்கை என்றொரு புள்ளிமான் இருந்தது. அதன் வலது காதுக்குப் பின்னால் கரியன் என்கிற அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

"உன் இரத்தம் இல்லாவிட்டால் நான் செத்தே போவேன், நங்கை!" என்றது அட்டை.

மானிடம் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. கடித்த இடம் வலிக்கவும் இல்லை. தலை மட்டும் இலேசாகச் சுற்றியது. காதல் என்றால் இப்படித்தான் இருக்கும்போலும் என்று நினைத்துக்கொண்டது.

தினமும் காலையில் உண்ணிக்கொக்கு வரும், மான்களின் உடம்பில் உண்ணி பொறுக்க. நங்கை இடது காதை மட்டும் காட்டும்.

"அந்தக் காதையும் காட்டடி!" என்றது கொக்கு ஒருநாள்.

"அதில் ஒன்றுமில்லை, அக்கா."

"ஒன்றுமில்லாத காதிலிருந்தா இரத்தம் சொட்டுகிறது? செந்நாய்கள் மோப்பம் பிடித்துத் திரிகின்றன. மந்தை ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போகிறது. அந்த அட்டையைக் கொத்தி எடுத்துவிடுகிறேன், நீயும் கிளம்பு!"

"தொடாதே! நான் இல்லாவிட்டால் அது செத்துவிடும்!"

"அது இருந்தால் நீ செத்துவிடுவாய், அசடே!"

மந்தை போய்விட்டது. நங்கை மட்டும் தங்கிவிட்டது.

மறுநாள் மதியம், நாவற்பழம்போல் உப்பிய அட்டை தானாகவே கழன்று சேற்றில் விழுந்தது. காதில் இரத்தம் நிற்காமல் வடிந்தது. நங்கைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் வெறுமையாக இருந்ததுதான் அதை நடுங்க வைத்தது.

"ஏன் விட்டுவிட்டாய்? குடி, கரியா!"

"வயிறு முட்ட இருக்கிறது. இனி ஆறு மாதத்துக்குப் பசிக்காது. தூங்க விடு!"

"என் இரத்தம் இல்லாவிட்டால் செத்தே போவேன் என்றாயே!"

"பசித்தபோது சொன்னேன்."

புதருக்குள் ஒரு சீழ்க்கை கேட்டது. செந்நாயின் சீழ்க்கை. பின்பக்கத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

"ஓடடி! ஆறு பக்கத்தில்தான் இருக்கிறது!" என்று மேலே கொக்கு கத்தியது.

ஓடியிருக்கலாம். வழி இன்னும் திறந்துதான் இருந்தது. நங்கை முன்கால்களை மடக்கி, காதைச் சேற்றில் வைத்தது. "ஒரே ஒரு தடவை கடி! பிறகு போய்விடுகிறேன்!"

அட்டை இன்னும் ஆழமாகச் சேற்றுக்குள் புதைந்துகொண்டது.

மூன்றாவது சீழ்க்கை மிக அருகில் கேட்டது. கோரைப்புல் விலகியது. நங்கை எழப் பார்த்தது. கால்கள் எழவில்லை.

நம் இரத்தத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் பசியை நம் மேல் உள்ள அன்பு என்று நம்பி உயிரைக் கொடுக்கக் கூடாது.