இடுக்கில் நுழையாத டேப்லெட்

சோலைக்காட்டில் பொன்னலகன், தூவி என்று ஒரு ஜோடி இருவாட்சிப் பறவைகள் வாழ்ந்தன.

இருவாட்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பொந்தின் வாயை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நீட்டுகிற அளவுக்கு ஒரே ஓர் இடுக்கு மட்டும் விட்டுவைக்கும். இறகெல்லாம் உதிர்ந்து, பறக்க முடியாமல், குஞ்சுகள் வளரும்வரை உள்ளேயே கிடக்கும். ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து இடுக்கு வழியாக ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் உள்ளே இருப்பவற்றின் பாடு அவ்வளவுதான்!

அந்த வருடமும் தூவி பொந்தை அடைத்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் இடுக்கு வழியாகக் கூப்பிட்டது.

"என்னங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். போன தடவை இந்த இருட்டுல பைத்தியம் பிடிக்காத குறை. ஒரு டேப்லெட் வாங்கிட்டு வாங்க. நாலு கதை படிப்பேன், ரெண்டு வீடியோ பார்ப்பேன். பொழுது போயிடும்."

"அதுக்கென்ன, இப்பவே போறேன்!" என்றது பொன்னலகன்.

"பெருசெல்லாம் வேண்டாம். இருக்கறதுலயே விலை குறைச்சலா பாருங்க. இந்த இடுக்குல நுழைஞ்சா போதும். சார்ஜ் தீர்ந்தா உங்ககிட்ட வெளியே நீட்டறேன், வெயில்ல வெச்சுத் தாங்க." தூவி ஓர் ஈர்க்குக் குச்சியை இடுக்கின் உயரத்துக்கு அளந்து ஒடித்தது. அதை வெளியே நீட்டியது. "இந்தக் குச்சியைவிட அகலம் கூடக் கூடாது. அளந்து பார்த்து வாங்குங்க!"

பொன்னலகன் குச்சியைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு பறந்தது.

பலாமரத்தடியில் மந்தியின் கடை. அங்கே கரடியும் மலையணிலும் வேடிக்கை பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

"வாங்கண்ணே! எதுக்கு வேணும்? படிக்கவா, படம் எடுக்கவா?" என்றது மந்தி.

"படிக்க. அப்புறம் வீடியோ பார்க்க."

"அப்ப இதுவே தாராளம்!" மந்தி சின்ன டேப்லெட் ஒன்றை எடுத்து வைத்தது. "எழுத்து தெளிவா தெரியும், சார்ஜ் நிக்கும். ஒரு கூடை அத்திப்பழம் குடுத்தா போதும்."

பொன்னலகன் குச்சியை எடுக்கச் சிறகைத் தூக்கியது. மலையணில் களுக்கென்று சிரித்தது.

"என்னப்பா, பொண்டாட்டிக்கு இவ்வளவு சின்னதா? எங்க வீட்ல இருக்கறது பலா இலைத் தட்டு மாதிரி இருக்கும்!"

கரடியும் திரும்பிப் பார்த்தது. பொன்னலகனுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது குச்சியை வேறு எடுத்து அளந்தால் காடு முழுக்கக் கஞ்சன் என்று பேர் கட்டிவிடுமே! தூக்கிய சிறகை மெல்ல இறக்கிக்கொண்டது.

"நான் சும்மா விசாரிச்சேன். அந்தப் பெருசை எடு!" என்றது.

மந்திக்கு வாயெல்லாம் பல். "அப்படிச் சொல்லுங்க! ஆனா இது கூடைக் கணக்குல வராதுண்ணே. இந்தப் பருவத்துக்கு உங்க அத்திமரத்துல பாதிப் பழம் எனக்கு!"

அந்த அத்திமரம்தான் தூவிக்கும் வரப்போகும் குஞ்சுகளுக்கும் சோறு. ஆனால் மலையணில் பார்த்துக்கொண்டே இருந்தது.

"சரி!" என்றது பொன்னலகன்.

பெரிய டேப்லெட்டைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வீடு வந்தது. இடுக்கில் வைத்தது. நுழையவில்லை. நிமிர்த்தி வைத்தது, படுக்க வைத்தது, மூலையைக் கொடுத்துத் தள்ளியது. எப்படி நுழையும்? குச்சியைப் போல இரண்டு மடங்கு அகலம் அது!

"ஏங்க, திடீர்னு ஏன் இருட்டுது?" என்று உள்ளேயிருந்து தூவி கேட்டது.

"மேகம்! சின்ன மேகம்!"

"டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதே?"

"மரங்கொத்தி! விரட்டிட்டேன், போயிடுச்சு!"

"டேப்லெட் கிடைச்சுதா?"

பொன்னலகன் டேப்லெட்டை இடுக்கிலிருந்து மெல்ல இறக்கியது. "கடையில சரக்கு இல்ல. அடுத்த வாரம்தான் வருமாம்."

"பரவால்லைங்க. பாவம், எவ்வளவு தூரம் அலைஞ்சீங்களோ! கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுங்க," என்றது தூவி.

திட்டியிருந்தால்கூடப் பொன்னலகன் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த அன்பான பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. டேப்லெட்டைப் பக்கத்து மரக்கிளையின் கவட்டையில் ஒளித்து வைத்தது.

மறுநாள் முதல் மந்தி பழம் பறிக்க வந்துவிட்டது. பாதிப் பழம் என்று பேச்சு. நல்ல பாதி எது என்று மந்திக்குத் தெரியாதா? மிச்சம் இருந்தது சீக்கிரமே தீர்ந்தது. பொன்னலகன் மலை தாண்டிப் போய்ப் பழம் தேட வேண்டியதாயிற்று.

களைத்துத் திரும்பும்போது கவட்டையில் அந்தத் திரை பளபளத்தது. கொஞ்சம் பார்ப்போமே என்று ஒருநாள் தொட்டது. மறுநாள் இன்னும் கொஞ்சம். பிறகு அதுவே பழகிவிட்டது. ஒருநாள் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து வாழையிலையில் விருந்து சாப்பிடும் வீடியோ ஒன்று. மூன்றாவது பாயசம் வந்தபோதுதான், தூவிக்குக் காலையிலிருந்து ஒரு பழம்கூடக் கொடுக்கவில்லை என்று நினைவு வந்தது!

கிடைத்த நாலு பழத்தைப் பொறுக்கிக்கொண்டு பதறிப் பறந்தது. இடுக்கில் தூவியின் அலகு தெரிந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? மலைக்கு அந்தப் பக்கம் மழையோன்னு பயந்துட்டேன்." தூவி அவசரமாகப் பழத்தை விழுங்கியது. பிறகு மெல்லக் கேட்டது. "ஏங்க, பக்கத்து மரத்துல யாரோ டேப்லெட் வெச்சிருக்காங்க போல. சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. நேத்து ஒரு கதை ஓடுச்சு. ஒரு ஆமை மலை ஏறப் போச்சு. பாதி ஏறும்போதே நிறுத்திட்டாங்க. அது யாருன்னு தெரிஞ்சா, கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்றீங்களா? நான் இங்கேர்ந்தே கேட்டுக்கறேன்."

பொன்னலகனுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவ்வளவு பெரிய மஞ்சள் அலகை எங்கே ஒளித்துவைப்பது என்று தெரியாமல் மார்புக்குள் புதைத்துக்கொண்டது.

"தூவி, அது நான்தான்," என்றது. எல்லாவற்றையும் சொன்னது. மேகம் இல்லை என்றது. மரங்கொத்தி இல்லை என்றது. அத்திமரம் போன கதையையும் சொன்னது.

தூவி நீட்டியிருந்த அலகை உள்ளே இழுத்துக்கொண்டது.

"நான் குடுத்த குச்சி எங்க?" என்று கேட்டது தூவி.

"சிறகுலதான் இருக்கு."

"அப்புறம் ஏன் அளக்கல?"

"வெட்கமா இருந்துச்சு."

"யார் முன்னாடி?"

"மலையணில் முன்னாடி."

"அந்த அணிலா நமக்குப் பழம் கொண்டாந்து தருது?" என்றது தூவி. "நான் உள்ள கிடக்கறேங்க. நீங்க கொண்டு வர்றதைத்தான் சாப்பிடறேன். நீங்க சொல்றதைத்தான் நம்பறேன். எனக்கு வேற என்ன இருக்கு?"

பொன்னலகன் உடனே பக்கத்து மரக் கவட்டைக்குப் போனது. பெரிய டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பறந்தது.

"வித்த சரக்கைத் திரும்ப எடுக்கறதில்லண்ணே!" என்றது மந்தி.

"இதை நீயே வெச்சுக்கோ. அந்தச் சின்னதைக் குடு. மேல ஒண்ணும் கேக்க மாட்டேன்."

லாபம் தானாக வந்து மடியில் விழுந்தால் மந்தி வேண்டாம் என்று சொல்லுமா? சின்னதை எடுத்து நீட்டியது. பொன்னலகன் சிறகுக்குள்ளிருந்து குச்சியை எடுத்து, எல்லார் கண் முன்னாலும், அதை நிதானமாக அளந்தது.

"ஐயையே, குச்சி வெச்சு அளக்குது பாரு!" என்று மலையணில் சிரித்தது.

"எங்க வீட்டு வாசல் இவ்வளவுதான்," என்றது பொன்னலகன். அதைச் சொல்ல இப்போது கூச்சமே இல்லை. கூச்சம் எல்லாம் வீட்டில் இருந்தது.

சின்ன டேப்லெட் இடுக்கில் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. அன்று மாலை, "ஆமை உச்சிக்குப் போயிடுச்சுங்க!" என்று தூவி சொன்னது. பொன்னலகன் அந்தப் பருவம் முழுக்க மலை தாண்டிப் போய்ப் பழம் சுமந்தது. இறக்கை வலித்தது. ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை.

சில நாள் கழித்து மரத்தில் டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது.

"யாருங்க அது?" என்றது தூவி.

"மரங்கொத்தி," என்றது பொன்னலகன். "சத்தியமா, இது நிஜமான மரங்கொத்தி!"

"ம்," என்றது தூவி.

அந்த ஒரு 'ம்' கேட்டுப் பொன்னலகன் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டது.

தேவைக்கு ஏற்ற சின்னதைக் கேட்க ஊரார் முன்னால் வெட்கப்படுகிறவர், தம்மை நம்பியவர் முன்னால் அதைவிடப் பெரிய வெட்கத்தைச் சுமக்க வேண்டியிருக்கும்.