டிரைவருக்கு மேலே யார்?

மோசடிகளைத் துருவி எழுதியே நிருபர் வேலையை இழந்த மரகதவல்லி, ஊர் ஏரியான முத்தேரி பறிபோன கதையைப் புத்தகமாக்கினாள். 'ஏரியை விழுங்கியவர் யார்? வெளியீட்டு விழாவில் தெரியும்' என்று போஸ்டரும் ஒட்டினாள்.

விழாவில் தொழிலதிபர் தணிகாசலம் மேடையேறி மைக்கைப் பிடுங்கினார். "பத்திரமெல்லாம் என் டிரைவர் பேர்ல இருக்கு. புத்தகத்துல என் பேர் எப்படி வந்துச்சு? உடனே எடு!"

"வரவே இல்லைங்க ஐயா. டிரைவருக்கு மேலே யாருன்னு எனக்குத் தெரியலை. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க, ரொம்ப நன்றி."

அரங்கமே சிரித்தது. அந்தப் பேச்சே ஏரி ஆக்கிரமிப்பு வழக்கில் சாட்சியாகி, ஏரி மீண்டது. நன்றி சொல்ல வந்த ஏரிக்கரை மீனவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு மரகதவல்லி கண்கலங்கினாள்.

"வேலையில்லாத நாளெல்லாம் உங்க வீட்டுச் சோத்துலதானே எழுதினேன்! நன்றியை நான்தான் சொல்லணும்."