தட்டைப்புழுக்களின் தசை வழக்கு

கடலுக்கடியில் ஒரு பவளப் பாறையில் வரிச்சி, புள்ளிச்சி என்று இரண்டு தட்டைப்புழுக்கள் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. இரண்டும் ஒரே கல்லில் முட்டையிட்டிருந்தன. ஒன்று இரை தேடப் போனால் மற்றொன்று எல்லா முட்டைகள் மேலும் படுத்துக் காவல் காக்கும்.

ஒரு நாள் புள்ளிச்சி சொன்னது: "நமக்கு மேலே தோல், உள்ளே குடல், நடுவே தசை. அந்தத் தசை தோலின் வம்சம். முட்டைக்குள் வெளிப்பக்கத்துச் செல்கள்தான் உள்ளே இறங்கித் தசையாகின்றன."

வரிச்சிக்குச் சுருக்கென்றது. "யார் சொன்னது? தசை குடலின் வம்சம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்."

"அப்படியானால் உங்கள் வீட்டில் யாரும் முட்டையைக் கவனித்துப் பார்த்ததில்லை."

பேச்சு தடித்தது. கல்லிடுக்கில் இருந்த நண்டு மெல்ல வெளியே வந்தது.

"ஏன் வீண் சண்டை, அக்கா? பெரிய பாறைக்குப் பின்னால் கடல் அட்டை ஐயா இருக்கிறார். அவருக்கு இதெல்லாம் அத்துப்படி. ஆனால் இருவரும் நேரில் போனால்தான் தீர்ப்பு சொல்வார்."

வரிச்சி முட்டைகளைத் திரும்பிப் பார்த்தது. விட்டுப்போக மனம் வரவில்லை. ஆனால் புள்ளிச்சி மட்டும் போய்த் தன் பக்கமே பேசிவிட்டால்? அதுவும் கிளம்பியது.

இரண்டும் வழக்கைச் சொன்னதும், கடல் அட்டை மணலைத் தின்றபடியே கேட்டது: "எனக்கு அதெல்லாம் தெரியாதே. உங்களை யார் அனுப்பியது?"

"நண்டு," என்று சொல்லும்போதே வரிச்சிக்குப் பகீரென்றது.

திரும்பி வந்தபோது கல் வெறுமையாகக் கிடந்தது. நண்டைக் காணோம். கொடுக்கு நுழையாத ஒரு வெடிப்பில் மட்டும் எட்டு முட்டைகள் மிஞ்சியிருந்தன. அவை யாருடையவை என்று இரண்டுக்குமே தெரியவில்லை.

அதன் பிறகு இரண்டும் அந்த வெடிப்பை விட்டு நகரவில்லை. கண்ணாடி போன்ற முட்டை ஓட்டுக்குள் செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தன. வெளிப்பக்கத்திலிருந்து சில செல்கள் உள்ளே இறங்கின. குடல் பக்கத்துப் பெரிய செல்களிலிருந்து ஒன்று பிரிந்து நடுவே வந்தது. இரண்டு பக்கத்து வாரிசுகளும் கலந்து தசை ஆயின.

"நீ சொன்னதும் சரிதான்," என்றது வரிச்சி.

"நீ சொன்னதும்தான்," என்றது புள்ளிச்சி. "இதைத் தெரிந்துகொள்ள எவ்வளவு முட்டைகளைக் கொடுத்துவிட்டோம்."

எட்டுக் குஞ்சுகளும் ஓட்டை உடைத்து நீந்திப் போகும்வரை வரிச்சி இரை தேடக்கூடப் போகவில்லை.

எது யார் வம்சம் என்று வழக்காடப் போகிறவர்கள், தம் வம்சம் தழைக்க வேண்டிய பிள்ளைகளையே பறிகொடுப்பார்கள்.