முதுகுக்குப் பின்னால் வருகிறவர்கள்

“சைக்கிளை வித்துரலாம்னு இருக்கேன் தாயி,” என்றார் வெயிலுமுத்து.

மடத்து வாசலில் சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த சின்னம்மா நிமிரவில்லை.

அவளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வெயிலுமுத்துவுக்கு ஐம்பத்தெட்டு. ஆனாலும் மனசில் ஏதாவது அடைத்துக்கொண்டால் அவர் வருவது இந்த மடத்துக்குத்தான். வயசுக்காக அவள் அவரை அண்ணாச்சி என்பாள். ஞானத்துக்காக அவர் அவளைத் தாயி என்பார். இரண்டு மரியாதையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதே இல்லை.

“சைக்கிள் இல்லாம இடியாப்பம் எப்படி டவுனுக்குப் போகும்?”

“போகாது. வீட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டேன், நாளையிலருந்து மாவு பிசைய வேண்டாம்னு. சாயங்காலம் சைக்கிளைக் கேட்டு ஆள் வருது.”

“சண்முகத்தாய் என்ன சொன்னா?”

“இடியாப்ப அச்சைக் கழுவிக் கவுத்துட்டா.”

சின்னம்மா இப்போதுதான் அவரைப் பார்த்தாள்.

“என்ன நடந்துச்சு?”

“நேத்து ஒரு நர்ஸ் பிள்ளை என்னால விழுந்துட்டா. ஸ்கூட்டர்ல, அவ பாதையில ஒழுங்காத்தான் வந்தா. நான்தான் எதுக்கால போனேன். ஒதுங்கப்போயி சரள்ல சறுக்கிட்டா. முட்டியில ரத்தம்.”

“திட்டினாளா?”

“திட்டியிருந்தா ஆறியிருக்கும் தாயி. ‘உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே தாத்தா’ன்னு கேட்டா.”

அவர் குரல் உடைந்தது.

“எதுக்கு அண்ணாச்சி எதிர்ப் பக்கமாப் போனீங்க?”

“மூணு மாசமா அப்படித்தான் போறேன். ஊருக்குப் பிரியுற விலக்குல வேன் வந்து பின்னால இடிச்சதுலருந்து. வாரது கண்ணுக்குத் தெரியணும்லா? இடது ஓரத்துல போனா முதுகு கூசுது. பின்னால எமன் வாரானா, எருமை மட்டும் வருதான்னு எனக்கு என்ன தெரியும்?”

“இடிச்ச அன்னிக்கு, ஊர்ப் பக்கம் திரும்பப் போறேன்னு கையைக் காட்டினீங்களா?”

வெயிலுமுத்து சுண்டைக்காயைப் பார்த்தார்.

“யாருக்குக் காட்ட? பின்னால ஆள் இருக்கான்னே தெரியாதே.”

“ஆள் இல்லன்னு தெரியுமா?”



சின்னம்மா முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள்.

“கேரியர்ல இருக்க இடியாப்பப் பானையை இறக்கி வைங்க. என்னை விலக்கு வரைக்கும் கொண்டு விடுங்க.”

“பானை?”

“இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வந்து எடுத்துக்கிடுங்க.”

“சாயங்காலம் சைக்கிள் இருக்காது தாயி.”

அவள் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். முன்னே பார்த்து அல்ல. அவர் முதுகோடு தன் முதுகு ஒட்ட, பின்னே பார்த்து.

“இப்படி உக்காந்தா ஊரு சிரிக்கும் தாயி.”

“சிரிக்கட்டும். ஹாரனுக்கு அது தேவலை. இடது பக்கம் போங்க.”

போனார்.

கொஞ்ச தூரத்திலேயே பின்னால் ஒரு ஹாரன் அலறியது. ஹாண்டில் பார் வெடவெடவென்று ஆடியது.

“என்ன தாயி அது?”

“உப்பு லாரி. ஓட்டுறவருக்குக் கண்ணு சிவந்து கிடக்கு. ரெண்டு நாளாத் தூங்கல போல.”

“இடிச்சிருவானா?”

“உங்களைத்தான் பாக்காரு. பயந்துபோயி இருக்காரு.”

“யாரு? அவனா? என்னைப் பாத்தா?”

“நீங்க எந்தப் பக்கம் சாய்வீங்கன்னு அவருக்குத் தெரியல. நேரா விடுங்க அண்ணாச்சி. பாவம்.”

வெயிலுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு நேராக விட்டார்.

லாரி நன்றாக விலகி, அவரைத் தாண்டிப் போனது. காற்று மட்டும் சட்டையைத் தொட்டது.

“முதுகுல அசைஞ்சுதே, கையை ஆட்டுனீங்களா?”

“வணக்கம் சொன்னேன். அவரும் சொன்னாரு.”

தரைப் பாலத்தில் சாலை குறுகியது. எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்துகொண்டிருந்தது.

“இப்போ பின்னால ஒண்ணும் இல்லயே தாயி? சத்தத்தையே காணோம்.”

“பஸ் வருது.”

“பஸ்ஸா!”

“ஆடாதீங்க. பத்தடி தள்ளி மெதுவா வருது. டிராக்டர் போகட்டும்னு ஓட்டுறவரு பாக்காரு. கண்ணாடியில ஒரு பிள்ளை படம் ஒட்டியிருக்காரு. பொக்கை வாய்ச் சிரிப்பு.”

“ஹாரன் அடிக்கலயே?”

“அடிக்கல. நீங்க பாலத்தைத் தாண்டக் காத்திருக்காரு.”

வெயிலுமுத்து மிதித்தார். முப்பது வருஷமாக இந்தச் சாலையில் ஹாரன் அடித்தவர்களை மட்டும்தான் அவர் நினைவில் வைத்திருந்தார்.

பாலம் முடிந்தது. பஸ் தாண்டிப் போனது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

விலக்குக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது.

“ஓரமா நிறுத்துங்க,” என்றாள் சின்னம்மா.

“விலக்கு இன்னும் வரலயே தாயி.”

“நான் நடந்து திரும்புதேன். சுண்டைக்காய் வெயில்ல கிடக்கு.”

“அப்போ பின்னால பாத்து யாரு சொல்லுவா?”

அவள் இறங்கினாள். அவர் பின்னால் போய் நின்றாள். பானை உரசி உரசிச் சுருண்டு கிடந்த சட்டையைக் கீழே இழுத்துவிட்டாள். உள்ளங்கையால் தோளிலிருந்து இடுப்புவரை ஒருமுறை நீவி நேராக்கினாள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவள் மாதிரி.

“இப்போ பாக்க நல்லா இருக்கு,” என்றாள்.

பிறகு மடத்தைப் பார்த்து நடந்தாள்.

வெயிலுமுத்து தனியே மிதித்தார். விலக்கின் மஞ்சள் பலகை தெரிந்தது. வலது பக்கம் திரும்பினால் ஊர். வேன் இடித்த இடம். அன்று உடைந்த பானையின் மூடி இன்னும் முள்ளுக்குள் மினுங்கியது.

பின்னால் கனமாக ஏதோ வந்தது. தரை அதிர்ந்தது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். லாரிதான். கண்ணாடியில் வெயில் பட்டு, ஓட்டுகிறவர் முகம் தெரியவில்லை.

வலது கையை ஹாண்டில் பாரிலிருந்து எடுத்தார். முழுசாக நீட்டினார்.

முதுகுக்குப் பின்னால் கியர் இறங்கும் சத்தம் கேட்டது.

வெயிலுமுத்து ஊர்ப் பக்கம் திரும்பினார்.

சாயங்காலம் பானையை எடுக்க வர வேண்டும்.