ஆட்காட்டியைத் துரத்திய காடு

கருமடுக் காட்டில் செத்துப்போன பன்றி ஒன்று எழுந்து நடந்தது.

அதை முதலில் பார்த்தவள் கத்தாயி என்ற ஆட்காட்டிக் குருவி. காட்டின் நடுவே இருந்த பெரிய மடுவின் கரையில், சரளைக் கற்களுக்கு இடையே, அவள் நான்கு முட்டைகள் இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள்.

பன்றி செத்து மூன்று நாளாகியிருந்தது. கழுகுகள் அதன் வயிற்றைத் தின்று தீர்த்திருந்தன. ஈ மொய்த்துக் கிடந்த அது, வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. கண்கள் பால் போல வெளுத்திருந்தன. பக்கத்தில் புல் மேய்ந்துகொண்டிருந்த முயலை அது ஒரே கவ்வாகக் கவ்வியது. முயல் துடித்துச் செத்தது. சிறிது நேரத்தில் அந்த முயலும் எழுந்தது. அதன் கண்களும் வெளுத்திருந்தன. இரண்டும் சேர்ந்து நடக்க ஆரம்பித்தன.

கத்தாயி முட்டைகளை விட்டு எழுந்தாள். அவள் நேராகத் தலைவரிடம் பறந்தாள்.

அந்தக் காட்டுக்குத் தலைவர் கொம்பையா என்ற கடமான். மருத மரத்து நிழலில் அவர் தழை மென்றுகொண்டிருந்தார். அருகில் அவருடைய ஆலோசகரான புனுகுப்பூனை சவ்வாது உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்தார்.

"தலைவரே! செத்த பன்றி எழுந்து நடக்கிறது! முயலைக் கடித்துவிட்டது. முயலும் செத்து எழுந்துவிட்டது. நம் காட்டுக்குள் நடைப்பிணங்கள் வந்துவிட்டன!"

கொம்பையா மெல்லுவதை நிறுத்தவில்லை. "நாளை மறுநாள் இலுப்பைப்பூ விழா. தெரியுமா உனக்கு?" என்றார்.

"விழாவைத் தள்ளி வையுங்கள்! முதலில் எல்லாருக்கும் சொல்லுங்கள்!"

சவ்வாது மெதுவாகக் கேட்டார். "பன்றி செத்துத்தான் போயிருந்தது என்பதற்கு யார் சாட்சி?"

"கழுகுகள் அதைத் தின்றனவே!"

"அப்படியானால் கழுகுகளைக் கூட்டி வா."

"அவை பயந்து மலைக்குப் பறந்துவிட்டன!"

"ஆக, சாட்சி இல்லை. நீ அரைத்தூக்கத்தில் எதையோ பார்த்திருப்பாய்."

"அரைத்தூக்கமா! நான் தூங்கி நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?"

இருவரும் அவளை விரட்டிவிட்டார்கள். அன்று மாலையே மடுக்கரையில் எல்லா விலங்குகளையும் கூட்டினார்கள். சவ்வாது ஒரு பாறைமேல் ஏறி நின்று உத்தரவை அறிவித்தார்.

"நம் காட்டில் எந்த ஆபத்தும் இல்லை. சிலருக்கு வெயிலால் களைப்பு ஏற்பட்டிருக்கிறது. அப்படித் தள்ளாடி நடப்பவர்களை 'களைப்புற்றோர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'நடைப்பிணம்' என்ற சொல்லை இனி யாரும் சொல்லக்கூடாது. வதந்தி பரப்பிய ஆட்காட்டி இனிமேல் மடுக்கரையில் தங்கக்கூடாது."

"என் முட்டைகள் இங்கேதானே இருக்கின்றன!" என்று கத்தினாள் கத்தாயி.

"எடுத்துக்கொண்டு போ."

"எதில் எடுத்துக்கொண்டு போவது? அலகிலா? காலிலா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மான்கள் சிரித்தன. குரங்குகள் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. ஓராண்டுக்கு முன் சிறுத்தை வந்தபோது இந்தக் குருவி கத்தியதால்தான் அவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருந்தார்கள். அதை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை!

கத்தாயிக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. "நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உங்கள் சாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்!" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனாள்.

ஆனால் அவள் தொலைவுக்குப் போகவில்லை. எதிர்க்கரையில் பட்டுப்போன ஒரு மரம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் முட்டைகள் கண்ணுக்குத் தெரியும். யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய் முட்டைகள்மேல் உட்கார்ந்து அவற்றைக் குளிரவைத்துவிட்டுத் திரும்புவாள். மற்ற நேரமெல்லாம் அவள் நடைப்பிணங்களைக் கவனித்தாள்.

மறுநாள் அவை பதினொன்றாகியிருந்தன. பன்றி, முயல், இரண்டு கீரிகள், ஒரு கரடி என்று கூட்டம் பெருகிக்கொண்டே போனது.

அவற்றுக்குக் கண் தெரியவில்லை. காது மட்டும் கேட்டது. ஒரு காய்ந்த கிளை முறிந்து விழுந்தால் போதும், எல்லாம் ஒன்றாகத் திரும்பின. சத்தம் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றன. எதிரே பள்ளம் இருந்தால் விலகிப் போகத் தெரியவில்லை. ஒரு கீரி நேராக நடந்து, மேற்கே இருந்த உளைச்சேற்றில் இறங்கியது. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று அமிழ்ந்து மறைந்தது. வெளியே வரவே இல்லை.

அந்த வழியாகக் கிழங்கு தோண்ட வந்த முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றியிடம் கத்தாயி இதைச் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் சொல்வதை நம்பக்கூடாது என்று உத்தரவு" என்றான் முள்ளாண்டி.

"என்னை நம்பாதே. உன் கண்ணை நம்பு. அந்தப் புதருக்குப் பின்னால் பார்!"

முள்ளாண்டி எட்டிப் பார்த்தான். வயிறு இல்லாத பன்றி அங்கே நின்றுகொண்டிருந்தது. அவன் வாயிலிருந்த கிழங்கு கீழே விழுந்தது.

"இப்போது என்ன செய்வது, அக்கா?" என்று மூச்சுக்குள் கேட்டான்.

"சத்தம் போடக்கூடாது. தண்ணீருக்கு நடுவே போய்விட வேண்டும். மடுவின் நடுவில் திட்டு இருக்கிறதே, அதுதான் பாதுகாப்பு. அங்கே போகும் பாறை வரிசை ஒடுக்கம். பார்த்துக் கால் வைக்கிறவர்கள் போய்விடலாம். கண் தெரியாதது தண்ணீரில் விழுந்து மூழ்கிவிடும்."

இருவரும் திட்டைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

அங்கே ஏற்கெனவே யாரோ இருந்தார்கள். கொம்பையாவின் மனைவி, மகள்கள், மருமகள்கள் எல்லாரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் பச்சைத் தழை குவியல் குவியலாகக் கிடந்தது. சவ்வாதின் குடும்பம் நிழலில் படுத்திருந்தது.

"அடப்பாவிகளா!" என்றான் முள்ளாண்டி. "எங்களிடம் ஆபத்து ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, தங்கள் வீட்டாரை மட்டும் கரையேற்றிவிட்டார்களா!"

அவன் அன்று முழுவதும் ஒவ்வொரு வளையாகப் போய்ச் சொன்னான். சிலர் நம்பினார்கள். பலர், "தலைவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது?" என்று கதவைச் சாத்துவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

விழா நாள் வந்தது. உச்சி வெயிலில் மடுக்கரை முழுக்கக் கூட்டம். குரங்குகள் பொந்து விழுந்த மரத்தைத் தட்டித் தாளம் போட்டன. மயில்கள் அகவின. நடுவே கொம்பையா கழுத்தில் இலுப்பைப்பூ மாலையோடு நின்றார்.

முள்ளாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றான்.

"தலைவரே, ஒரே ஒரு கேள்வி. நடைப்பிணம் வெறும் வதந்தி என்றால், உங்கள் வீட்டார் எதற்குத் திட்டில் இருக்கிறார்கள்?"

எல்லாரும் திட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"காற்று வாங்கப் போயிருக்கிறார்கள்" என்றார் கொம்பையா.

"காற்று வாங்க மூன்று நாள் தழையோடா போவார்கள்?"

கொம்பையா வாயைத் திறப்பதற்குள், தென்புறத்தில் ஓர் அலறல் கேட்டது. தாளச் சத்தத்தைக் கேட்டு அவை வந்துவிட்டன. பதினொன்று அல்ல, முப்பதுக்கும் மேல்! கரடி முன்னால் வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த முயல்கள்தான் முதலில் மாட்டிக்கொண்டன.

"திட்டுக்கு ஓடுங்கள்!" என்று கத்தினான் முள்ளாண்டி.

எல்லாரும் பாறை வரிசையை நோக்கி ஓடினார்கள். அவர்களுக்கு முன்னால் கொம்பையாவும் சவ்வாதும் ஓடிக் கடந்துவிட்டார்கள். கடந்ததும், கூடவே ஓடிவந்த கொம்பையாவின் இரண்டு மகன்கள் கொம்பைத் தாழ்த்தி வழியை மறித்து நின்றார்கள்.

"இடம் இல்லை! திரும்பிப் போங்கள்!"

"எங்கே திரும்பிப் போவது? பின்னால் பிணம் வருகிறது!" என்று கதறியது ஒரு புள்ளிமான். அவள் பெயர் செவ்வந்தி. அவளுடைய தங்கை கூட்டத்தில் எங்கோ தவறிப்போயிருந்தாள்.

"உத்தரவு உத்தரவுதான்!" என்றார்கள் மகன்கள்.

முள்ளாண்டிக்கு இரத்தம் கொதித்தது. "உன் உத்தரவை என் முதுகிடம் சொல்லு!" என்றான். திரும்பி நின்று, முட்களையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, பின்பக்கமாகவே பாறைமேல் ஏறினான். முட்கள் கலகலவென்று ஓசையிட்டன. முதல் முள் மூக்கில் ஏறியதும் மூத்தவன் தண்ணீரில் குதித்தான். இளையவன் அண்ணன் பின்னாலேயே குதித்தான். வழி திறந்தது. விலங்குகள் ஒவ்வொன்றாகக் கடக்கத் தொடங்கின.

ஆனால் பாறை வரிசை ஒடுக்கம். ஆட்களோ அதிகம். கரையில் குட்டிகளும் கிழடுகளும் இன்னும் காத்து நின்றார்கள். அவர்கள் அழுத சத்தத்தைக் கேட்டு நடைப்பிணங்கள் அந்தப் பக்கமே நெருங்கின.

இதையெல்லாம் கத்தாயி பட்ட மரத்திலிருந்து பார்த்தாள். அவளுக்கு இறக்கை இருந்தது. பறந்து போயிருக்கலாம். போயிருந்தால் அவளை யார் குறை சொல்ல முடியும்? அவளைத் துரத்தியவர்கள்தானே அவர்கள்!

நடைப்பிணங்களைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது. இன்னும் பெரிய சத்தம் வேண்டும். அந்தச் சத்தம் மேற்கே, உளைச்சேற்றை நோக்கிப் போக வேண்டும். மடுக்கரையிலிருந்து உளைச்சேற்றுக்குப் போகும் வழி எது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அது சரளைக் கரை. அங்கேதான் அவளுடைய நான்கு முட்டைகள் இருந்தன.

கத்தாயி ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு கீழே பாய்ந்தாள்.

கரடியின் காதருகே போய்க் கத்தினாள். அப்படி ஒரு கத்தல் அந்தக் காட்டில் அதுவரை யாரும் கேட்டதில்லை. கரடி திரும்பியது. அதன் பின்னால் எல்லாம் திரும்பின. அவற்றுக்கு நாலு முழம் முன்னால், தரையோடு தரையாக, அவள் கத்திக்கொண்டே பறந்தாள். மேலே போனால் சத்தம் தேய்ந்துவிடும் என்று தாழவே பறந்தாள். இரண்டு முறை பன்றியின் வாய் அவள் வால் இறகைத் தொட்டது.

சரளைக் கரை வந்தது. அவள் கீழே பார்க்கவில்லை. பின்னால் கற்கள் நெறிபடும் ஓசை மட்டும் கேட்டது. அவள் இன்னும் பலமாகக் கத்தினாள்.

உளைச்சேற்றின்மேல் வட்டமடித்து, தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தாள். ஒவ்வொன்றாக இறங்கின. கரடி, பன்றி, கீரி. கடைசியாக அன்று கடிபட்டு எழுந்தவர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு சின்னப் புள்ளிமானும் இருந்தாள். சேறு எல்லாரையும் மூடிக்கொண்டது.

கத்தாயி சரளைக் கரைக்குத் திரும்பினாள். இரண்டு முட்டைகள் நசுங்கிக் கிடந்தன. இரண்டு ஒரு கல்லின் அண்டையில் முழுதாக இருந்தன. அவள் அந்த இரண்டின்மேல் உட்கார்ந்தாள். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலை திட்டிலிருந்து எல்லாரும் கரைக்கு வந்தார்கள். கொம்பையா தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"அன்பர்களே! நான் பதற்றப்படாமல் இருந்ததால்தான் இந்தக் காடு பிழைத்தது. சில களைப்புற்றோரை நாம் இழந்துவிட்டோம். ஆட்காட்டி கொஞ்சம் உதவியதால் அவள் குற்றத்தை மன்னிக்கிறேன். அவள் மடுக்கரையில் தங்கலாம்."

"மன்னிப்பா!" கத்தாயி எழுந்து நின்றாள். குரல் கம்மிப்போயிருந்தது. "என்ன குற்றம் செய்தேன்? இருந்ததை இருந்தபடி சொன்னேன்! நீங்களும் அதை நம்பினீர்கள். நம்பாமலா உங்கள் குடும்பத்தை அனுப்பினீர்கள்? எங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் குற்றம்! உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம். எடுத்துக்கொண்டு போங்கள்!"

செவ்வந்தி முன்னால் வந்தாள்.

"என் தங்கைக்குக் களைப்பு ஒன்றும் இல்லை, ஐயா. அவள் செத்தாள். உங்கள் வாயால் சொல்லுங்கள். செத்தாள் என்று சொல்லுங்கள்!"

கொம்பையா சவ்வாதைப் பார்த்தார். சவ்வாது தரையைப் பார்த்தார். வேறு யாரும் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டமே தலைகுனிந்து நின்றது. அன்று சிரித்தது அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. ஒரு கிழட்டுக் குரங்கு மெதுவாகக் கத்தாயியின் முன்னால் வந்து, "நாங்கள் சிரித்தோம், அம்மா. அதுவும் தப்புத்தான்" என்றது.

"தப்புத்தான்" என்றாள் கத்தாயி. இல்லை என்று அவள் சொல்லவில்லை.

அன்றிலிருந்து கருமடுக் காட்டில் யார் எதைக் கண்டாலும் கண்டதைக் கண்டபடி சொல்லலாம் என்று முடிவாயிற்று. பாறை வரிசையில் முதலில் குட்டிகளும் கிழடுகளும் போக வேண்டும், பலசாலிகள் கடைசியில் போக வேண்டும் என்றும் முடிவாயிற்று. அந்த வெயில் காலத்தில் நடைப்பிணங்கள் வடக்கிலிருந்து மேலும் இரண்டு முறை வந்தன. ஒரு குரல் கேட்டதும் காடு முழுவதும் மூச்சுவிடாமல் திட்டுக்குப் போய் நின்றது. ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த இரண்டு முறையும் கொம்பையா வரிசையில் தன் முறைக்காகக் காத்து நின்றார்.

ஆபத்தைச் சொன்னவரின் வாயை அடைத்துவிட்டு, தான் மட்டும் தப்பிக்க வழி தேடுபவர், எந்தக் கூட்டத்துக்கும் தலைவராக இருக்கத் தகுதியற்றவர்.