வக்கீலுக்குச் சொன்ன கடைசிச் சொல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வாயில் கிடக்கிற வெற்றிலை மேல் ஆணை. பொய் சொல்கிறவன் வாயில் வெற்றிலை சிவக்காது. வேண்டுமானால் எட்டிப் பாருங்கள், எப்படிச் சிவந்து கிடக்கிறது என்று.

கல்லாம்பாறை மலையடியில் ஒரு மடம். மடத்துச் சாமியாருக்கு வயசு நாற்பதைத் தாண்டாது. அவருடைய சீடர் சொரிமுத்துவுக்கு அறுபதுக்கு மேல். லாரி ஓட்டி ஓட்டி அலுத்துப்போய், ஒருநாள் வண்டியை முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திச் சாவியைக் கொடுத்துவிட்டு, நேராக மடத்துக்கு வந்து சேர்ந்தவர். சீடர் குருவைச் சாமி என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். ஞானம் வந்துவிட்டது என்பதற்காக வயசுக்குள்ள மரியாதையை விட்டுவிட முடியுமா?

அண்ணாச்சி தனியாக வரவில்லை. கூடவே ஒரு நாயும் வந்தது. லாரியிலேயே வளர்ந்த நாய். பெயர் வக்கீல். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் புகுந்து குரைக்கும்; யார் கட்சி என்று மட்டும் கடைசிவரை தெரியாது. அது இங்கே குரைத்தால், மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இடி இடிக்கிறது என்று கொடியில் காய்கிற துணியை எடுத்து உள்ளே போடுவார்கள். நான் போய் விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வக்கீலுக்குத் தெரிந்த சொல் மூன்று. 'வா' என்றால் வரும். 'இரு, வாரேன்' என்றால், அண்ணாச்சி திரும்பி வந்து 'வா' என்று சொல்கிறவரை அந்த இடத்தை விட்டு அசையாது. 'போ' என்பதும் தெரியும். ஆனால் கேட்காது.

ஒரு தடவை அண்ணாச்சி அரிசி வாங்க டவுனுக்குப் போனார். ரோட்டோரத்தில் நாயை உட்காரவைத்து 'இரு, வாரேன்' என்றார். பஸ் கிடைக்காமல் மறுநாள்தான் திரும்பினார். இடையில் பேய்மழை. ரோடெல்லாம் வெள்ளம். வக்கீல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. அது உட்கார்ந்திருந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. இது எழும்பாது என்று தெரிந்துகொண்டு மழையே சுற்றிப் போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட நாய்க்கு வயசாகிவிட்டது. ஒருநாள் காலையில் கிணற்றடியில் விழுந்தது. பின்னங்கால் இரண்டும் போய்விட்டன. சோறு இறங்கவில்லை. மூச்சு இழுத்தது.

மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். "பொழுது சாயத் தாங்காது," என்றார்.

மறுநாள் வந்தார். நாய் உயிரோடு கிடந்தது. அதற்கு மறுநாளும் வந்தார். கிடந்தது. அடுத்த தடவை பையைத் திறக்காமலேயே திரும்பிப் போய்விட்டார்.

எமனே எருமையோடு மடத்து வாசலில் வந்து நின்றுவிட்டான். எருமையை நான் என் கண்ணால் பார்த்தேன். அது தன்னுடைய எருமை என்று பால்காரர் செல்லையா சொல்கிறார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

ஆனால் அந்த நாய் பட்ட பாடு விளையாட்டு இல்லை. முனகக்கூட அதற்குத் தெம்பில்லை. கண்ணை மட்டும் மூடாமல் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டு கிடந்தது. அண்ணாச்சி ஈரத்துணியால் அதன் வாயை நனைத்துக்கொண்டே இருந்தார்.

"சாமி, உயிரு போவமாட்டேங்குதே. வாயில்லாத சீவன் என்ன பாவம் செஞ்சுது?"

சாமி நாயின் பக்கத்தில் வந்து குந்தினார்.

"விழுந்த அன்னைக்கு அதுகிட்ட என்ன சொன்னீங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணும் சொல்லலியே. டாக்டரைக் கூப்பிட ஓடினேன். இரு, வாரேன்னு..."

ஈரத்துணி பிடித்த கை பாதியில் நின்றது.

"திரும்பி வந்து வான்னு சொன்னீங்களா?"

"எந்திரிக்க முடியாததை எப்படி சாமி வான்னு கூப்பிட?"

"அதான் இருக்கு," என்றார் சாமி.

அண்ணாச்சி துணியை மறுபடி நனைத்து அதன் வாயைத் துடைத்தார்.

"அப்போ நான்தான் அனுப்பணுமா?"

"வேற யாரு சொன்னா அது கேக்கும்?"

"என்னால முடியாது, சாமி."

"முடியாதுன்னா இருக்கட்டும். அது இருக்கும்."

வக்கீலின் விலா ஏறி இறங்கியது. ஏறியது இறங்க நேரமாயிற்று. அண்ணாச்சி அதன் காதருகில் குனிந்தார்.

"போயிட்டு வா, ராசா."

வேறெப்படிச் சொல்வார்? வாசல் இறங்குகிறவரை யாராவது 'போ' என்று சொல்லி அனுப்புவோமா? சண்டைக்காரனைக்கூட அப்படி அனுப்ப நாக்கு வராது.

வக்கீல் காதை நிமிர்த்தியது. முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது. செத்துப்போன பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, அண்ணாச்சியின் மடியைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

"ஐயோ சாமி, என்ன செய்யுது இது?"

"கடைசியா வான்னுதானே சொன்னீங்க? வருது."

அண்ணாச்சி அள்ளி மடியில் போட்டுக்கொண்டார்.

"வேற சொல்லு இல்லியா, சாமி?"

"இருக்கு. அதுக்கும் தெரியும்."

"அது வெரட்டுற சொல்லுல்லா? கருவாட்டைத் திருடுனா சொல்ற சொல்லு."

"மடத்துல ஏது கருவாடு?"

"லாரியில இருக்கப்போ, சாமி. இங்க வந்து நானும் திங்கல்ல, அதுவும் திங்கல்ல."



அண்ணாச்சி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார்.

"போ."

வக்கீல் அவர் முகத்தைப் பார்த்தது. வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. போய்விட்டது.

வாசலில் எருமையும் இல்லை. தான் ஓட்டிக்கொண்டு போனதாகச் செல்லையா சொல்கிறார்.

கொய்யா மரத்தடியில் புதைத்தார்கள். சாமியே மண்வெட்டி பிடித்தார்.

அதற்கப்புறம் அண்ணாச்சி சோற்றைத் தொடவில்லை. அடுக்களையில் கஞ்சி காய்ச்சுவார். வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவார். தன் தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்துவிடுவார். ஆள் வற்றி வற்றி, ஒருநாள் காற்றடித்தபோது கொடியில் கிடந்த வேட்டியோடு சேர்ந்து அவரும் ஆடியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இப்படியே விட்டால் அடுத்த குழி இவருக்குத்தான் என்று மடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

சாமி அடுக்களைக்கு வந்து அடுப்பங்கரையில் உட்கார்ந்தார்.

"ஏன் அண்ணாச்சி சாப்பிடலை?"

"எந்த வாயால சாமி திங்க? எம்புட்டு வருசம் கூட இருந்துச்சு. கடைசியா அது காதுல விழுந்தது, நாயை வெரட்டுற சொல்லு. இந்த வாய்தானே சொல்லிச்சு?"

"கருவாட்டைத் திருடுனப்ப சொன்னீங்களே, அப்போ போச்சா?"

"எங்க போச்சு? லாரிக்கு அந்தப் பக்கம் போயி நின்னுக்கிட்டு டயருக்கு அடியில எட்டிப் பாக்கும். களவாணிப் பய."

"வேற எப்பவாவது போயிருக்கா?"

"என்னைக்குமே போனதில்ல, சாமி."

"அன்னைக்குப் போச்சே."

அண்ணாச்சி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"வெரட்டுனா போகாத நாயி அது, அண்ணாச்சி," என்றார் சாமி.

அண்ணாச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாயைப் புதைத்த அன்றுகூட அழாத மனுசன். சாமி எழுந்து போகவில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது; அதையும் அவர் இறக்கவில்லை.

அழுகை ஒருவழியாக அடங்கியது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அழுதும் போகலியே, சாமி. நெஞ்சு மேல ஏறி உக்காந்திருக்கு. நானும் போ, போங்கேன். கண்ணு முழிச்சா எனக்கு முன்னால முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

"எது?"

"இந்தத் துக்கந்தான்."

சாமி கவிழ்ந்து கிடந்த தட்டை நிமிர்த்தினார். கஞ்சியை ஊற்றினார். தொட்டுக்கொள்ளத் துவையல் வைத்தார். தட்டை அண்ணாச்சி முன்னால் நகர்த்தினார்.

"அதைப் போய் எதுக்கு வெரட்டுறீங்க? உங்களை விட்டா அதுக்கு யாரு இருக்கா? பக்கத்துல கெடந்துட்டுப் போகட்டும். நீங்க சாப்பிடுங்க."

"கடிக்குதே, சாமி."

"கடிக்கத்தான் செய்யும்," என்றார் சாமி. "புதுசுல்லா."

அண்ணாச்சி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்னவன் யார் என்று கேட்டால் மட்டும் என் பேரை எடுத்துவிடாதீர்கள். அன்றைக்குக் கண்ணில் அடுப்புப் புகை பட்டது என்றுதான் அண்ணாச்சி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.